நோட்பேடில் ஏறிய ஊட்டி ரயில்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் நோட்பேட் இருக்கிறதா? போதும் சார். மேனேஜர் டீ குடிக்கப் போகிற பதினைந்து நிமிஷத்தில் நீங்களும் ஒரு வலைப்பக்கம் எழுதிவிடலாம். இன்டர்நெட்கூட வேண்டாம்.

நான் பி.காம். ஹெச்.டி.எம்.எல். என்னைப் பயமுறுத்தாததற்குக் காரணமே அதுதான். ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் மாதிரி, திறந்த டேகை மூட வேண்டும். தலைப்புக்கு ‘ஹெச் 1’, பத்திக்கு ‘பி’, பட்டியலில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ‘எல்.ஐ.’. (சிலதை மூடாவிட்டாலும் பிரவுசர் சமாளித்துக்கொள்ளும். ஆடிட்டர் அவ்வளவு நல்லவர் இல்லை.) தமிழில் எழுதுகிறவர்கள் மட்டும் உச்சியில் ‘மெட்டா சார்செட்’ என்று ஒரு வரி சேர்த்து, யு.டி.எஃப்-8 என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘அப்பா’ என்று அடித்தது மாந்திரீகத் தகடு மாதிரி தெரியக்கூடும்.

அப்பாவுக்காகத்தான் நான் இதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருஷமாக அவருக்கு மறதி. காலையில் சாப்பிட்ட இட்லி மத்தியானம் ஞாபகம் இருப்பதில்லை. ஆனால் போன ஊர்களையெல்லாம் ஒரு பாக்கெட் டைரியில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். பென்சில் எழுத்து அழிந்துகொண்டே வருகிறது. அதற்குள் ஏற்றிவிட வேண்டும்.

முதலில் ஏற்றியது, ‘14.5.94, மேட்டுப்பாளையம் - ஊட்டி’. எனக்கு அப்போது ஆறு வயசு. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று தள்ளியதைப் பார்த்து, ‘டிரைவர் தப்பாக மாட்டிவிட்டார்’ என்று நான் அழுதேனாம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல் வரிசையை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரம்!

‘அன்னிக்கு என்ன கிழமைடா?’ என்று அப்பா அடிக்கடி கேட்பார். அதற்கு ஒரு பட்டன் வைத்தேன். ஜாவாஸ்க்ரிப்டில் தேதியைக் கொடுத்தால் கிழமை வந்துவிடும். ஒரு சூட்சுமம்: மாதத்தை எண்ணால் கொடுக்கும்போது ஜனவரிதான் பூஜ்யம். மே மாதத்துக்கு 4. பழக்க தோஷத்தில் 5 போட்டால் ஜூன் 14-க்குப் போய், செவ்வாய் என்று சாதிக்கும். பிரெண்டன் ஐக் என்பவர் 1995 மே மாதம் பத்தே நாளில் இந்த மொழிக்கு முதல் வடிவம் கொடுத்தார். தேதி விவகாரத்தை ஜாவாவிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள், பூஜ்யம் உட்பட. அவசரக் கல்யாணத்தில் அப்பளம் விட்டுப்போகத்தான் செய்யும்.

பட்டனை அப்பாவே அழுத்தினார். ‘சனிக்கிழமை’ என்று வந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

‘டேய், ஹில்குரோவ் ஸ்டேஷன்ல குரங்கு உன் வடையைப் பிடுங்கிட்டுப் போச்சே, அதைப் போடலையா?’

டைரியில் அது இல்லை. எனக்கும் நினைவில்லை. பட்டியலில் இன்னொரு ‘எல்.ஐ.’ திறந்து, அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.