வாப்பா இரவில் எத்தனை தடவை எழும்புகிறார்?

நடுச்சாமத்தில் குளியலறைக் கதவு திறக்கும் சத்தம். சற்று நேரத்தில் மீண்டும். சுபஹுக்கு முன் மூன்றாவது தடவையும் கேட்கிறது. விசாரித்தால், "வயசு போனா அப்படித்தான் மகள்" என்று வாப்பா சமாளித்துவிடுவார். சகோதரிகளே, நீங்களும் அத்துடன் விட்டுவிடுவீர்கள்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. புரொஸ்டேட் என்பார்கள். வாலிபத்தில் ஏறத்தாழ 20 கிராம் நிறையுள்ள இது, வயது ஏற ஏறப் பெருக்கிறது. 60 வயதளவில் பாதிப்பேருக்கு இப்பெருக்கம் காணப்படுகிறது. பெருத்த சுரப்பி குழாயை நெரிப்பதால் சிறுநீர் மெல்லியதாக, விட்டுவிட்டு வரும். முழுவதும் கழியாது. போய்வந்த பின்னும் சொட்டும்.

இந்தச் சொட்டுதான் நம் வீட்டுப் பெரியவர்களை அதிகம் வருத்துவது. உடுப்பில் பட்டிருக்குமோ, வுழூ முறிந்திருக்குமோ என்ற சந்தேகத்திலேயே சிலர் பள்ளிக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். காரணத்தை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. (இத்தகையோருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.) வேறு சிலர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். அது பெரும் தவறு. படுக்கப் போகுமுன் தேநீரைத் தவிர்த்தாலே நல்லது.

"புற்றுநோயாக இருக்குமோ?" என்ற பயமும் உள்ளே இருக்கும். பெருக்கம் வேறு, புற்றுநோய் வேறு. ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. ஆனால் ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பக்கத்தில் தொடங்குவதால், ஆரம்பத்தில் எந்த அறிகுறியையும் காட்டாமலே இருந்துவிடும். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ வந்திருந்தால் ஆபத்து சுமார் இரு மடங்கு. பி.எஸ்.ஏ. என்னும் குருதிப் பரிசோதனையில் அளவு கூடியிருக்கிறதென்று அழுது புலம்பவும் வேண்டாம். வெறும் பெருக்கத்திலும் கிருமித் தொற்றிலும் அது கூடும். தேவையானால் வைத்தியர் ஸ்கேன் செய்து, சிறு துண்டெடுத்துச் சோதித்தே முடிவு சொல்வார். மெதுவாக வளரும் வகையென்றால், சிகிச்சை எதுவுமின்றிக் கவனித்து வருவதே சிலருக்குப் போதுமானது.

சிறுநீரில் இரத்தம், விடாத இடுப்பெலும்பு வலி இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் அறவே நின்று அடிவயிறு வீங்கினால் அந்நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தடிமனுக்கென்று பாமசியில் வாங்கிக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இந்த அடைப்பைக் கொண்டுவரும்.

பெருக்கத்துக்குச் சத்திர சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படாது. டம்சுலோசின் சில நாட்களிலேயே சுகம் தரும். ஆனால் தலைசுற்றலாம், படுக்கையிலிருந்து மெதுவாக எழும்பச் சொல்லுங்கள். பினஸ்டரைட் மாத்திரை பலன் தர மாதங்கள் எடுக்கும். அது உடைந்திருந்தால் கர்ப்பிணியான மகளோ மருமகளோ கையால் தொடக்கூடாது, வயிற்றிலுள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கலாம். இதைப் பாவிப்பவரின் பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து காட்டும். கிளினிக்குக்குப் போகும்போது வாப்பா சொல்ல மறந்தாலும், கூடப் போகும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.