பவளத் தொட்டிக்கு வெள்ளை விளக்கா, நீல விளக்கா?

பவளம் விற்கும் கடைகள் பெரும்பாலும் இருட்டாகத்தான் இருக்கும். சிங்கப்பூரிலோ லண்டனிலோ டொராண்டோவிலோ அப்படி ஒரு கடைக்குள் நுழைந்தால், வரிசையாக நிற்கும் தொட்டிகளின் மேல் அடர்நீல விளக்குகள் எரியும். அடியில் பவளங்கள் பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று ஒளிரும். கைப்பேசியில் படம் எடுத்தால் எல்லாமே ஊதா மயம். விலை பேசி, கடல்நீர் நிரப்பிய பையில் வாங்கிவந்து வீட்டு வெள்ளை வெளிச்சத்தில் இறக்கிப் பார்த்தால், அதே பவளம் டிகாக்‌ஷன் நிறத்தில் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்று சந்தேகம் வரும். மாற்றவில்லை. பழுப்பு, பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். பச்சையும் ஆரஞ்சும் பவளம் தானே தயாரித்துக்கொள்ளும் புரதங்களின் நிறம். எந்த விளக்கைப் போடுகிறோமோ, அதற்கேற்ப ஒன்று முன்னே வரும், மற்றது மறையும்.

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களிடையே இது தீராத வழக்கு. ஒரு கட்சி, கடல் நீலம்தானே, விளக்கும் நீலமாக இருப்பதே இயற்கை என்கிறது. இன்னொரு கட்சி, சூரியன் நீலமா என்று திருப்பிக் கேட்கிறது. இரண்டு கேள்வியும் நியாயமானவைதான். தொட்டிக்குள் நாம் எந்த ஆழத்துக் கடலை வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் இரு கட்சியும் கேட்பதில்லை.

தண்ணீர் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி விடாது. தூய நீரில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி 10 மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய 97 சதவீதம் உறிஞ்சப்பட்டுவிடும். அதே 10 மீட்டரில் 450 நானோமீட்டர் நீலம் இழப்பது 10 சதவீதத்துக்கும் குறைவு. கடல்நீரில் மிதவை உயிரிகளும் கலங்கலும் சேரும்போது கணக்கு கொஞ்சம் மாறும். ஆனாலும் தெளிந்த வெப்பமண்டலக் கடலில் வரிசை இதுதான்: முதலில் சிவப்பு போகும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. கடைசிவரை இறங்குவது நீலம்.

வீட்டுத் தொட்டியின் ஆழம் அரை மீட்டர், மிஞ்சினால் முக்கால் மீட்டர். அவ்வளவு தண்ணீர், சிவப்பில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் குடிக்கும். ஆகவே கடலில் தண்ணீர் செய்யும் வடிகட்டும் வேலையைத் தொட்டியில் விளக்குதான் செய்தாக வேண்டும். விளக்கு அட்டையில் 6,500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது கிட்டத்தட்ட நீர்மட்டத்துப் பகல் வெளிச்சம். 10,000, 14,000, 20,000 என்று எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும். தொட்டியைக் கடலுக்குள் இன்னும் கீழே இறக்குவதாக வைத்துக்கொள்ளலாம்.

பவளங்கள் இந்த ஏணியின் எல்லாப் படியிலும் வாழ்கின்றன. அக்ரோபோரா இனங்களில் பல, தாழ்நீரின்போது முனைகள் வெளியே தெரியும் அளவுக்கு ஆழமற்ற பாறைத்தட்டுகளில், நடுப்பகல் வெயிலை நேராக வாங்கிக்கொண்டு வளர்கின்றன. அவற்றின் மேல் விழுவது முழு வெள்ளை ஒளி. மறுகோடியில், பிரெஞ்சு பாலினேசியக் கடலில் 172 மீட்டர் ஆழத்தில் லெப்டோசெரிஸ் என்ற பவளம் கண்டெடுக்கப்பட்டது. ஒளிச்சேர்க்கைப் பாசியோடு வாழும் பவளங்களில் 2021இல் அறிவியல் இதழில் பதிவான மிகப் பெரிய ஆழம் அது. அங்கே நீலத்தைத் தவிர வேறெதுவும் எட்டாது. வீட்டிலும் நீல விளக்கு கட்டாயம் இல்லை: வீட்டில் பவளம் வளர்க்கும் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லீ சின் எங், ஜகார்த்தாவில் எந்த விளக்கும் இல்லாமல் ஜன்னல் வழி வந்த சூரிய ஒளியிலேயே வளர்த்தார். உயிருள்ள பாறைகளும் காற்றுக் குமிழிகளும்தான் அவருடைய கருவிகள். 1961இல் அவர் அந்த முறையை எழுதி வெளியிட்டபோது நீல எல்.இ.டி. பிறந்திருக்கவே இல்லை.

இனி பாசியைக் கேட்போம். பவளத்தின் திசுவுக்குள் வாழும் இந்த ஒற்றைச்செல் பாசி, தான் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறது. அதனிடம் மூன்று முக்கிய நிறமிகள் உள்ளன. பச்சையம் ஏ, பச்சையம் சி இரண்டும் நீலத்தையும் ஊதாவையும் நன்றாகப் பிடிக்கும், சிவப்பையும் ஓரளவு பிடிக்கும். மூன்றாவது பெரிடினின். பழுப்பு நிறத்துக்குக் காரணமான இது, நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட ஒளியை வாரிக்கொள்ளும். நிலத்துச் செடிகளிடம் இல்லாத ஏற்பாடு இது. நீலமே மிஞ்சும் கடலுக்கு ஏற்ற கருவிப் பெட்டி. ஒரு வாட் மின்சாரத்துக்கு அதிக ஒளிச்சேர்க்கை என்று கணக்குப் பார்த்தால் நீல விளக்குக்குத்தான் ஓட்டு விழும்.

சிவப்பைக் கூட்டினால் என்ன ஆகும்? 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்டைலோஃபோரா பிஸ்டில்லாட்டா என்ற பவளத்தின் துண்டுகளை நீலம், சிவப்பு, இரண்டும் பாதிப்பாதி என்று மூன்று வகை ஒளியில் ஆறு வாரம் வளர்த்துப் பார்த்தார்கள். நீலத்தில் பிழைத்தவை அதிகம். வலுவான சிவப்பில் பல துண்டுகள் மடிந்தன, பாசியின் அடர்த்தியும் குறைந்தது. நீலம் இல்லாததால் மட்டும் வந்த குறையாக இது தெரியவில்லை. சிவப்பே கெடுதல் செய்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். வரவேற்பறையின் மஞ்சள் கலந்த ‘வார்ம் ஒயிட்’ பல்பைத் தொட்டியின் மேல் மாட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஆனால் கடல் தொட்டிக்கென்று விற்கும் குளிர்ந்த வெள்ளை விளக்கு வேறு. வழக்கமான வெள்ளை எல்.இ.டி.யைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது நீலச் சில்லு. அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பங்கை வாங்கி மஞ்சளாக மாற்றி விடுகிறது. மிஞ்சிய நீலமும் இந்த மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. நீல எல்.இ.டி.க்காக 2014இல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்ததன் காரணமே, அதன் வழியாக வெள்ளை விளக்கு பிறந்ததுதான். ஆக, வெள்ளை விளக்கைப் போட்டாலும் பவளத்துக்கு 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. வழக்காடுகிற இரு கட்சியும் ஒரே சில்லைத்தான் வாங்குகிறார்கள்.

அப்படியானால் கடையின் அந்த ஜொலிப்பு? அது ஒளிரும் புரதங்களின் வேலை. நீல ஃபோட்டானை விழுங்கி, சற்று ஆற்றல் குறைந்த பச்சையாகவோ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இவை திருப்பித் தருகின்றன. வெள்ளை வெளிச்சத்தில் இந்தச் சன்னமான ஒளிர்வு, பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் மூழ்கிப்போகும். நீலத்தில் பின்னணி இருண்டுவிடுவதால் தனியே தெரியும். ஜெல்லிமீனிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962இல் பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதத்தின் உறவினர்கள்தாம் இவை. 2008இல் வேதியியல் நோபல் பெற்றது அந்தப் பச்சைப் புரதம். ஆனால் உயிரியல் ஆய்வகங்கள் வெகுநாள் தேடிக்கொண்டிருந்த சிவப்புப் புரதம் கிடைத்தது ஆழ்கடலில் அல்ல. தானாக ஒளி உமிழாத பவள இனங்களிலும் இந்தப் புரதம் இருக்கும் என்று ரஷ்ய உயிரியலாளர் யூலி லாபாஸ் ஊகித்தார். மாஸ்கோவில் மீன்தொட்டியில் வளர்ந்துகொண்டிருந்த டிஸ்கோசோமா போன்ற உயிரிகளில் மிகயீல் மாட்ஸும் செர்கேய் லுக்யானோவும் அதைத் தேடி எடுத்து, 1999இல் வெளியிட்டார்கள். தொட்டி வளர்ப்பவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு நல்ல காரணம்.

இந்தப் புரதங்கள் பவளத்துக்கு எதற்கு என்பதில் ஒரே விடை இல்லை. ஆழமற்ற நீரில் வெயிலிலிருந்து பாசியைக் காக்கும் திரையாகப் பயன்படுகின்றன. ஆழத்தில் நீலத்தை ஆரஞ்சாக மாற்றித் திசுவின் உள்ளடுக்குவரை அனுப்ப உதவுகின்றன. இரையை ஈர்க்கும் தூண்டிலாகவும் இருக்கலாம் என்று அண்மைய ஆய்வு ஒன்று சொல்கிறது. எதுவானாலும், இவற்றில் பலவற்றின் உற்பத்தியைத் தூண்டுவது நீல ஒளி. ஆகவே நீல விளக்கு நிறத்தைக் காட்டவும் செய்கிறது, கூட்டவும் செய்கிறது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. வெப்பத்தாலோ சத்துக் குறைவாலோ பாசி வெளியேறும்போது, திசுவுக்குள் உறிஞ்ச ஆளின்றி ஒளி பெருகுகிறது. அந்த ஒளியிலுள்ள நீலமே மேலும் நிறப் புரதங்களை உண்டாக்குகிறது. பவளம் வெளிறுவதற்குப் பதில் முன்னெப்போதையும்விடப் பளிச்சென்று மின்னத் தொடங்குகிறது. கடலில் கண்ட இந்த ‘வண்ண வெளிறலை’ இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் விளக்கினார்கள். முழுநேரமும் நீல விளக்கு மட்டும் எரியும் தொட்டியில் இந்த நோயாளியைப் பார்த்து, “ஆஹா, என்ன நிறம்!” என்று வீட்டுக்காரர் படம் எடுத்துக்கொண்டிருப்பார். பவளத்தின் உடல்நிலையை வெள்ளை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ஒளிராத ஊதா, இளஞ்சிவப்பு நிறப் புரதங்களும் வெள்ளையில்தான் தெரியும். நீலத்தில் அவை வெறும் கறுப்பு.

நம் கண் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். மனிதக் கண்ணுக்குப் பகலில் மிகப் பிரகாசமாகத் தெரிவது 555 நானோமீட்டர் பச்சை. 450 நானோமீட்டர் நீலத்துக்கு அது காட்டும் மரியாதை, பச்சைக்குக் காட்டுவதில் நூற்றில் நான்கு பங்குதான். லக்ஸ் மீட்டர் கண்ணைப் பின்பற்றிச் செய்த கருவி, அதுவும் அப்படியே. பாசி கண்ணால் பார்ப்பதில்லை, ஃபோட்டான்களை எண்ணுகிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஃபோட்டான்கள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே ‘பார்’ அளவு. சூரிய ஒளியில் 100 பார் என்பது சுமார் 5,400 லக்ஸ். அதே 100 பார் தூய 450 நானோமீட்டர் நீலத்தில் 700 லக்ஸைக்கூடத் தொடாது. பாசிக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே விருந்து. கண்ணுக்கு எட்டு மடங்கு வித்தியாசம்.

புதிதாகத் தொட்டி வைப்பவர் நீல விளக்கை மாட்டி, இருட்டாக இருக்கிறதே என்று முழு அளவுக்கு ஏற்றிவிடுவதும், இரண்டே வாரத்தில் பவளம் வெந்து வெளுப்பதும் இதனால்தான். காளான் பவளம், மென்பவளம் போன்றவற்றுக்கு 50 முதல் 150 பார் வரை போதும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவக் கணக்கு. அக்ரோபோரா போன்றவற்றுக்கு 200 முதல் 350. இந்த எண்ணைத் தருவது வெள்ளையா நீலமா என்பது இரண்டாம் பட்சம். பார் மீட்டர் விலை அதிகம்தான். வாடகைக்குத் தரும் கடைகளும் இரவல் தரும் நண்பர்களும் உண்டு. ஒரு நாள் அளந்தால் போதும்.

வெள்ளை விளக்கு போட்டால் வேண்டாத பாசி மண்டும் என்று சொல்வார்கள். பாசிக்கு முதல் தீனி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். அவற்றைக் கட்டுப்படுத்தாமல் விளக்கைக் குறை சொல்வது வீண்.

இரவைப் பற்றி ஒன்று. பவளங்களிடம் நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் என்ற புரதங்கள் இருப்பதை 2007இல் கண்டறிந்தார்கள். நிலவின் ஏற்ற இறக்கத்தை அறிந்து இனப்பெருக்க நாளைக் குறிப்பதில் இவற்றுக்குப் பங்கு இருக்கக்கூடும். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் சூரியன், நிலா இரண்டின் காலக்கணக்கையும் விளக்குகளாலேயே போலச் செய்து, கடலைப் பார்க்காத தொட்டியில் பவளங்களை முட்டையிட வைத்தார்கள். அந்த முறை 2017இல் வெளியானது. அழகுக்காக விடியவிடிய நீல ‘நிலா விளக்கை’ எரிய விடுவது பவளத்துக்கு முடியாத பௌர்ணமி. அணைத்துவிடுவதே நல்லது.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் கரை ஒதுங்கியதுபோல் கிடக்கும் ஒரு துண்டை எடுத்துவந்து தொட்டியில் வைத்தாலும் குற்றம்தான். யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

சட்டப்படி வளர்க்கக்கூடிய ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்டால், நீலத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். காலையும் மாலையும் நீலம் மட்டும். நடுப்பகலில் நான்கைந்து மணி நேரம் குளிர்ந்த வெள்ளையைச் சேர்த்து 14,000 கெல்வின் பக்கம் கொண்டுவாருங்கள். நீலம் பவளத்தின் வயிற்றுக்கும் உங்கள் மாலைநேரக் கண்ணுக்கும். வெள்ளை, அது நலமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பார் அளவு சரியாக இருக்கும்வரை மற்ற நிறக் கலவை உங்கள் ரசனை. எந்த விளக்குக்கு மாறினாலும் முதல் நாள் பாதி அளவில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள். அதற்குள் பவளத்தின் முனை வெளுத்தால் உடனே இறக்கிவிடுங்கள்.