எட்டுத் தூணும் ஒற்றைச் செருப்பும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டி கிடையாது, மனிதர்கள் மட்டும்தான். காந்தி சிலைப் பக்கம் ஆயாவின் மடியில் சாய்ந்தபடி ஒரு நான்கு வயதுக்காரி போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் ஆப்பிள்கள். ஒவ்வொன்றாகத் தொட, ‘ஒன், டூ, த்ரீ’ என்றது ஒரு குரல். பத்து வந்ததும் வாணவேடிக்கை, மூன்று ஸ்டார்.

“பத்து வரைக்கும் எண்ணுவா” என்றார் ஆயா பெருமையாக. “எங்க, இந்தத் தூணை எண்ணிட்டு வா பாப்போம்” என்று பேத்தியை இறக்கிவிட்டார்.

சிலையைச் சுற்றி நிற்பவை எட்டுக் கருங்கல் தூண்கள். பாப்பா தொட்டுத் தொட்டு எண்ணினாள். எட்டில் நிற்கவில்லை. ஒன்பது, பத்து என்று இரண்டாவது சுற்றில் இறங்கிவிட்டாள். வட்டமாக நிற்பவற்றில் எங்கே தொடங்கினோம் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அப்படியானால் செயலி கற்றுக்கொடுத்தது என்ன? எண்ணுதல் என்பது எண்களை வரிசையாக ஒப்பிப்பது மட்டுமல்ல. ஒரு பொருளுக்கு ஒரு எண்தான். எதையும் விடக்கூடாது, எதையும் இரண்டு முறை எண்ணவும் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். குழந்தைகளின் எண்ணறிவு பற்றி ரோசெல் கெல்மனும் சார்லஸ் கேலிஸ்டலும் 1978இல் எழுதிய நூல் விளக்கும் அடிப்படைகளில் இவையும் உண்டு. அந்தச் செயலியில் தொட்ட ஆப்பிள் நிறம் மாறிவிடும். மறுபடி தொட்டால் அசையாது. எதை எண்ணியாயிற்று என்று நினைவு வைக்கும் வேலையைச் செயலியே பார்த்துக்கொண்டது. எண்ணைச் சொன்னதும் அதன் குரல்தான். பாப்பாவின் பங்கு, விரல்.

யார் சொன்னால் ஏறும்?

இளங்குழந்தைக்குத் திரை ஏன் அரை வாத்தியாராகவே நின்றுவிடுகிறது என்று ஆய்வாளர்கள் பலமுறை சோதித்திருக்கிறார்கள். பட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். நேரில் ஒருவர் விளையாட்டுக் காட்டிப் பேசியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சை வீடியோவில் காட்டியபோது பலனில்லை.

2014இல் வெளியான இன்னோர் ஆய்வு இரண்டு வயதுக் குழந்தைகளைப் பற்றியது. பதிவுசெய்த வீடியோவில் புதிய சொற்களைக் கற்காத அவர்கள், வீடியோ அழைப்பில் கற்றார்கள். இரண்டுமே திரைதான். ஆனால் அழைப்பில் இருந்தவர், குழந்தை சிரித்தால் சிரித்தார். பதில் சொல்லும்வரை காத்திருந்தார். துபாயிலிருந்தோ பாரிஸிலிருந்தோ பேரனோடு பேசும் தாத்தாவை ‘ஸ்க்ரீன் டைம்’ கணக்கில் சேர்த்துக் கவலைப்பட வேண்டாம்.

கேத்தி ஹிர்ஷ்-பாசெக் உள்ளிட்ட அறிஞர்கள் 2015இல் நல்ல கல்விச் செயலிக்கு நான்கு தூண்களைச் சொன்னார்கள்: குழந்தையின் மூளை வேலை செய்ய வேண்டும்; கவனம் சிதறக் கூடாது; பாடம் அதன் வாழ்க்கையோடு ஒட்ட வேண்டும்; இன்னொரு மனிதரோடு பேச வழி வேண்டும். இந்த அளவுகோலால் 124 செயலிகளை அளந்து 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. பாதிக்கும் மேற்பட்டவை குறைந்த மதிப்பெண்தான் பெற்றன.

வீட்டிலேயே பரிசோதனை

ப்ளே ஸ்டோரில் ‘கல்வி’ என்ற பெயர்ப்பலகையை நம்பிப் பயனில்லை. பிள்ளையிடம் கொடுக்குமுன் பத்து நிமிடம் நீங்கள் விளையாடிப் பாருங்கள்.

முதலில், கண்ணை மூடிக்கொண்டு கண்டபடி தட்டுங்கள். அப்போதும் ஸ்டார் விழுந்தால் அந்தச் செயலிக்குப் பிள்ளை புரிந்துகொண்டதா என்பது பொருட்டே அல்ல.

அடுத்து, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தமிழ்ச் செயலி என்றால் மலை, மழை இரண்டையும் சொல்லவைத்துக் கேளுங்கள். இயந்திரக் குரலில் இரண்டும் ஒன்றாக ஒலித்தால், பிள்ளைக்கு லகரமும் ழகரமும் அங்கேயே குழம்பும். எழுத்தை விரலால் வரையச் சொல்லும் செயலியில், தலைகீழாக வரைந்தாலும் ‘சூப்பர்’ என்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, நெட்டை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். விளம்பரம் எவ்வளவு இருந்தது என்பது அப்போது தெரியும். சிறுவர்களுக்கான 135 செயலிகளை ஆராய்ந்த மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, அவற்றில் 95 சதவீதத்தில் ஏதோ ஒரு வகை விளம்பரம் இருப்பதாக 2018இல் சொன்னது. செயலி கேட்கும் அனுமதிகளையும் பாருங்கள். எண் கற்பிக்கும் செயலிக்கு உங்கள் இருப்பிடமும் தொடர்பு எண்களும் எதற்கு? நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. ‘அலவ்’ பொத்தானை யோசித்துத் தொடுங்கள்.

காசும் விளம்பரமும் இல்லாத நல்ல மென்பொருள்களும் உண்டு. 2000இல் பிரான்சில் பிறந்த ‘ஜிகோம்ப்ரி’யின் பெயர் புதுச்சேரிக்காரர்களுக்கு உடனே பிடிபடும்: ‘ஜே கோம்ப்ரி’, அதாவது ‘எனக்குப் புரிந்தது’ என்பதன் சிலேடை. இரண்டு முதல் பத்து வயதுவரைக்கான சிறு பயிற்சிகளின் தொகுப்பு அது. படம் வரைய ‘டக்ஸ் பெயின்ட்’ இருக்கிறது. சரி, தப்பு என்ற பேச்சே அதில் இல்லை. கதைக்குப் பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இலவசம். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. கொரோனா காலத்தில், 2020இல் வந்த மத்திய அரசின் ‘பிரக்யாதா’ வழிகாட்டி, மழலையர் வகுப்புக்கு அரை மணி நேரத்தோடு நிறுத்தியது. அதுவும் பெற்றோரோடு பேசி வழிகாட்டுவதற்காக.

கடற்கரையில் ஆயா எந்த வழிகாட்டியும் படித்தவரல்ல. பேத்தியின் ஒரு செருப்பைக் கழற்றி முதல் தூணடியில் வைத்தார். “இதுகிட்ட வந்தா நின்னுடணும்.” பாப்பா ஒற்றைச் செருப்போடு நொண்டியபடி சுற்றி வந்தாள். எட்டு. செருப்பைப் பார்த்தாள்; நின்றாள்.

“மொத்தம் எத்தினி?”

கேள்வி புரியாமல் விழித்தவள், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். கடைசி எண்தான் மொத்தம் என்பது அவளுக்கு இன்னும் வந்துசேரவில்லை. ஆயா அவசரப்படவில்லை. செருப்பு அங்கேயே கிடந்தது.