வெயிலுக்குப் பயந்து லாரி டயரில் காற்றைக் குறைக்கலாமா?

கோடையில் நெடுஞ்சாலை ஓரம் கறுப்பாகச் சுருண்டு கிடக்கும் லாரி டயர் துண்டுகளைப் பார்த்திருப்பீங்க. 'வெயிலுக்கு வெடிச்சிருச்சு' என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவோம். லாரிக்காரர்கள் சிலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 'சூட்டுல காத்து விரியும், கொஞ்சம் கம்மியாவே வைங்க' என்று பங்ச்சர் கடையில் சொல்வதும் உண்டு. உண்மையில், ஆபத்து தொடங்குவதே அங்கேதான்.

காற்று குறைந்தால் என்ன ஆகும்?

லாரியின் எடையைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றுதான். அது குறைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிரும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாகுமே, அதே கதைதான். லாரி டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 300 முறை சுற்றும். 60 கி.மீ. வேகத்தில் போனால், ஒரு மணி நேரத்தில் 18,000 முறை! இந்தச் சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி அடுக்கும் பிரியத் தொடங்கும். ஓவர்லோடும் வெயிலும் சேர்ந்தால் டயர் வெடிக்கும்.

அப்போ, சூட்டில் பிரஷர் ஏறாதா?

ஏறும். அதையும் கணக்கில் வைத்துத்தான் டயர் நிறுவனங்கள் அளவு சொல்கின்றன. காலையில் 110 பிஎஸ்ஐ இருந்த டயர், ஓடிச் சூடான பிறகு 10 முதல் 15 பிஎஸ்ஐ வரை கூடுவது இயல்பு. அப்போது காற்றை இறக்கினால், ஆறியதும் பிரஷர் தேவையைவிடக் கீழே போய்விடும். அதனால் வண்டி நின்று 3 மணி நேரமாவது ஆன பிறகே அளக்க வேண்டும்.

உள் டயரில் என்ன சிக்கல்?

டிரெய்லர் லாரிகளில் டயர்கள் ஜோடியாக இருக்கும். உள்பக்க டயரின் வால்வை எட்டுவது சிரமம் என்பதால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். அதில் காற்று இறங்கினால், பக்கத்து டயர் கூடுதல் சுமையைத் தூக்கும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ராடால் தட்டிப் பார்த்தால், முழுசா இறங்கிய டயரைக் கண்டுபிடிக்கலாம். 20 பிஎஸ்ஐ குறைந்திருப்பதை கேஜ் மட்டும்தான் சொல்லும்.

உடனே காற்றடித்தால் சரியாகிவிடுமா?

சொல்லப்பட்ட அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்த நிலையில் ஓடிய டயரில், அப்படியே காற்றடிக்கக் கூடாது. பக்கச்சுவரின் கம்பிகள் அறுந்திருந்தால், காற்றடிக்கும்போதே ஜிப் திறப்பதுபோலக் கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் நிற்பவரின் உயிரே போகலாம். கழற்றிச் சோதித்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிப்பதே பாதுகாப்பு.

பர்ஸுக்கும் பாதிப்பா?

எல்லா டயரிலும் 10 பிஎஸ்ஐ குறைந்தால், டீசல் செலவு 1 சதவீதம் வரை கூடலாம். லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கும் லாரி மாதம் 8,000 கி.மீ. ஓடினால், 20 லிட்டர் வீண்.

உங்கள் கார், பைக்குக்கும் இதே விதிதான். காலையில் கிளம்பும் முன் ஒருமுறை அளந்துடுங்க. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது, அதன் டயர்களுக்குப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் ஓட்டாதீங்க!