இரு வீடுகளும் இரு சட்டங்களும்

காரைக்காலினின்று சென்று பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற ஒருவர், பாரிஸில் ஒரு வீடும் நாகூரில் ஒரு வீடும் விட்டு, பாரிஸிலேயே மறைகிறார் எனக் கொள்வோம். வாரிசுகள் ஒரு மகனும் ஒரு மகளும் மட்டுமே. நாகூர் வீட்டில் ஷரீஅத்தின்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. பாரிஸ் வீட்டிலோ பிரெஞ்சுச் சட்டப்படி இருவர்க்கும் சரிபாதி.

வஸிய்யத் எழுதிவிட்டால் தீர்ந்தது என நம்மவர் பலர் எண்ணுகின்றனர். இங்கே ஏனைய வாரிசுகள் இசைந்தாலன்றி, மூன்றிலொரு பங்கிற்கு மேலோ, வாரிசு ஒருவருக்கோ எழுதிய வஸிய்யத் செல்லாது. அங்கேயும் மக்கள் இருவரை உடையவர் விரும்பியவாறு எழுதத்தக்கது மூன்றிலொரு பங்கே. ஆயின், அதனை மக்களுள் ஒருவருக்கே தரலாம். மகனுக்கு எழுதினால் பாரிஸ் வீடும் ஃபராயிள் கணக்கிற்கே வந்துவிடும்! நாகூர் வீட்டில் மகளுக்குச் சரிபாதி தர விழையும் தந்தைக்கோ, மகன் இசையாவிடின், வஸிய்யத் உதவாது. வாழ்நாளிலேயே ஹிபாவாக வழங்கி, உடைமையையும் ஒப்படைத்தல் வேண்டும்.

இன்னொன்று: இங்கே வாய்மொழி வஸிய்யத்தும் செல்லும். அங்கே நொத்தேரிடம் போகாது தாமே எழுதுவோர், முழுவதையும் தம் கைப்பட எழுதி, நாளிட்டு, ஒப்பமிடல் வேண்டும். தட்டச்சுச் செய்து கையொப்பம் மட்டும் இட்ட தாளை அவ்வகை உயிலாக ஏற்கமாட்டார்கள்.