லீவு நாளில் தனியாக எங்கே போகிறாய்?

நம் வீடுகளில் ஒருவர் “நாளைக்கு லீவு, தனியாகக் கொஞ்சம் வெளியே போய்வரப் போகிறேன்” என்று சொல்லிப் பார்க்கட்டும். “யாரோடு?” என்பது முதல் கேள்வி. “ஏன், வீட்டில் என்ன குறை?” என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியை அம்மா வாயால் கேட்பதில்லை, முகத்தால் கேட்பார். தனியாகப் போகிற பிள்ளைக்கு ஒன்றில் மனவருத்தம் இருக்க வேண்டும், அல்லது காதல் இருக்க வேண்டும். வேறொரு காரணமும் இருக்கலாம் என்பது நமக்குப் பழக்கமில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நகரத்தில் வந்திறங்கிய நம்மவர்களுக்குத் தனிமை ஒரு தண்டனையாக இருந்தது. பனிக்காலத்து பேஸ்மென்ற் அறை, பாஷை தெரியாத வேலை, ஊரிலிருந்து எப்போதோ வரும் கடிதம். அந்த வருடங்களைத் தாண்டி வந்தவர்கள்தான் சபையைக் கட்டினார்கள், வீட்டை ஆட்களால் நிரப்பினார்கள். நிரம்பிய வீட்டிலிருந்து பிள்ளை தனியாகப் புறப்படும்போது அவர்களுக்கு நெஞ்சு திக்கென்கிறது.

ஆனால் அந்த நிரம்பிய வீட்டில் வளர்ந்த வாலிபரின் கதை வேறு. வகுப்பு, பகுதிநேர வேலை, வார இறுதியில் யாருடையதோ பிறந்தநாள் மண்டபம், பாடகர் குழுப் பயிற்சி, வாலிபர் கூட்டம், எல்லாவற்றுக்கும் நடுவில் ஓயாத வாட்ஸ்அப். வாரத்தின் நடுவில் ஒரு நாள் கிடைத்தாலும் அது உடுப்புத் தோய்ப்பதிலும், அம்மம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போவதிலும், படுத்தபடி போனைத் தடவுவதிலும் கரைந்துபோகிறது. டொக்டரிடம் கூட்டிப்போவதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது கடமை. ஆனால் மாதத்தில் ஒரு நாளாவது யாருடைய அழைப்புக்கும் பதில் சொல்லாத நாளாக இருந்தால், மற்ற நாட்களில் அதே பிள்ளை இன்னும் பொறுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்காபரோவில் வளர்ந்த எல்லோருக்கும் டவுன் சென்ரர் மோலுக்குப் பக்கத்திலுள்ள சிவிக் சென்ரர் தெரியும். 1973இல் திறக்கப்பட்ட வெள்ளைக் கட்டடம். அதை வரைந்தவர் ரேமண்ட் மொரியாமா. நாம் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரிசையாகப் போய்வந்த ஒன்ராறியோ சயன்ஸ் சென்ரரையும் வரைந்தவர் அவரே. 1969இல் திறந்த அதை 2024 ஜூனில் மூடிவிட்டார்கள். யங் வீதியில், புளோர் சந்திக்குச் சற்று வடக்கே நிற்கும் ரொறன்ரோ ரெஃபரன்ஸ் நூலகமும் அவர் கைவேலைதான். அது 1977இல் திறந்தது.

மொரியாமா 1929இல் வன்கூவரில் பிறந்த ஜப்பானியக் கனேடியர். நாலு வயதில் அடுப்பிலிருந்த கொதிக்கும் சட்டி அவர்மேல் கவிழ்ந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். யன்னலுக்கு வெளியே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் தானும் கட்டடக் கலைஞராக வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது. பிறகு 1942இல், உலகப் போரின்போது, பசிபிக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 ஜப்பானியக் கனேடியரைக் கனடா அரசாங்கம் வீடுகளிலிருந்து அப்புறப்படுத்தியது. தகப்பனை வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் தாயோடும் சகோதரிகளோடும் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குள் ஸ்லோகன் பள்ளத்தாக்கு முகாமுக்குப் போனான்.

முகாம் என்ற சொல்லை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே வரிசை இருக்கும், சத்தம் இருக்கும், எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். ஒரு மனிதன் தன்னோடு இருப்பதற்கு இடம் மட்டும் இருக்காது. பொதுக் குளிப்பறையில் அந்தப் பையனின் முதுகுத் தழும்புகள் மற்றவர்கள் கண்ணில் பட்டன. தீப்புண்ணில் வலி ஒரு பங்கு, மற்றவர்களின் பார்வை இன்னொரு பங்கு. தாதியாக வேலை செய்கிற எவருக்கும் இது தெரியும். அவன் குளிப்பதற்கு ஆற்றுக்குப் போகத் தொடங்கினான். ஆற்றங்கரை மரமொன்றில், கிடைத்த பலகைகளைக் கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு பரண் கட்டினான். தன்னுடைய முதல் கட்டடம் அதுதான் என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். 2023இல், 93 வயதில் காலமானார்.

அந்தப் பரணை மனதில் வைத்துக்கொண்டு ரெஃபரன்ஸ் நூலகத்துக்குள் போய்ப் பாருங்கள். நடுவில் ஐந்து மாடி உயரத்துக்கு வெறும் வெளி. சுற்றிலும் வளைந்து வளைந்து போகும் தளங்கள். மேல் தளத்தில் ஓரமாக ஒரு கதிரையைப் பிடித்து உட்கார்ந்தால் நகரத்தின் நடுவில் இருக்கிறீர்கள், ஆனால் யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. உள்ளே போகக் காசும் வேண்டாம், நூலக அட்டையும் வேண்டாம். பரீட்சைப் புத்தகத்தைத் தயவுசெய்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத தட்டு ஒன்றின் முன்னால் நின்று, கைக்கு வந்ததை எடுத்து வாசியுங்கள். வேதாகமத்தைக் கொண்டுபோனால் நாளாந்த வாசிப்புக் கணக்கை முடிப்பதற்காக வாசிக்காமல், மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தை மட்டும் மெதுவாக, இரண்டு தரம் வாசியுங்கள்.

ஏன் அந்த அதிகாரம் என்றால், சீஷர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாமல் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தது அங்கேதான். வார்ட்டில் வேலை செய்கிற எங்களுக்கு அந்த வசனம் விளங்குவதற்கு வியாக்கியானம் தேவையில்லை. ஆண்டவர் அவர்களைத் தனி இடத்துக்குக் கூட்டிப்போகிறார். பிரசங்கங்களில் நாம் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். தொடர்ந்து வாசித்தால், ஜனங்கள் கரைவழியே ஓடிவந்து அவர்களுக்கு முன்னே அங்கே நிற்கிறார்கள்! லீவு நாள் போயிற்று. ஆண்டவர் எரிச்சல்படவில்லை, மனதுருகிப் போதித்தார், ஐயாயிரம் பேருக்கு அப்பமும் கொடுத்தார். ஆனால் அதன் பிறகு செய்ததைக் கவனியுங்கள். சீஷர்களைப் படகில் அனுப்பினார், ஜனங்களையும் அனுப்பிவிட்டு, தாம் தனியே மலைக்கு ஏறிப்போனார். மற்றவர்கள் வந்து எடுத்துக்கொண்ட நேரத்தை அன்றிரவே திரும்ப எடுத்துக்கொண்டார். அந்தப் பகுதியை நம் வாலிபரும், முக்கியமாக எல்லோருக்கும் ஓடியோடிச் செய்கிற நம் பெண்பிள்ளைகளும் வாசிக்க வேண்டும்.

நூலகத்துக்குப் போகிற மனநிலை இல்லையென்றால் டண்டாஸ் வீதியில் ஒன்ராறியோ ஓவியக் காட்சிசாலை இருக்கிறது. ஒன்ராறியோவில் வசிக்கிற 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம். மற்றவர்களுக்குப் புதன்கிழமை மாலை ஆறு முதல் ஒன்பது வரை இலவசம். திங்களில் பூட்டு. எல்லா அறைகளையும் நடந்து முடித்தால் கால்வலிதான் மிச்சம். ரொம் தொம்சனின் ‘தி வெஸ்ற் விண்ட்’ என்ற ஓவியம் அங்கே இருக்கிறது. ஏரிக்கரையில் காற்றில் வளைந்து நிற்கும் ஒரு மரம், அவ்வளவுதான். அதன் முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும். தனியாகப் போவதன் வசதியே, “போதுமா, போவமா?” என்று கேட்க யாரும் பக்கத்தில் இல்லை என்பதுதான்.

இனி ஈற்றன் சென்ரருக்கு வருவோம். அங்கே நமக்குக் கடைகள் தெரியும். கடைகளுக்குப் பின்னால், மேற்கு வாசலுக்கு வெளியே, ஹோலி ரினிற்றி ஆலயம் நிற்பது பலருக்குத் தெரியாது. 1847இல் திறந்த அங்கிலிக்கன் ஆலயம். இங்கிலாந்திலிருந்த ஒரு பெண்மணியின் ஐயாயிரம் பவுண் நன்கொடையில் கட்டப்பட்டது. அவர் வைத்த நிபந்தனை, இருக்கைகள் என்றைக்கும் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்பது. அந்தக் காலத்தில் ஆலய இருக்கைக்குக் குடும்பங்கள் வாடகை கட்டின. ஏழைகளுக்கு இடம் எங்கே கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எழுபதுகளில் இந்த மோலைக் கட்டுகிறவர்கள் ஆலயத்தை இடிக்கப் பார்த்தார்கள். சபையார் விடவில்லை. ஆலயத்தின்மேல் வெயில் விழுவதை மறைக்கக் கூடாது என்பதற்காகவும் போராடினார்கள்.

அந்த ஆலயத்தின் வெளியே, தெருவில் வீடின்றி இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வைக்கப்பட்டிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொரு மாதமும் ஆலயத்தில் கூடிப் புதிய பெயர்களைச் சேர்க்கிறார்கள். இடையிடையே ஜோன் டோ, ஜேன் டோ என்று இருக்கும். பெயரே தெரியாதவர்களுக்கு இங்கே வைக்கிற பெயர்கள் அவை. அவசர சிகிச்சைப் பிரிவில் அப்படி எழுதிய பட்டியை ஒருவரின் கையில் கட்டுவது எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இந்த நகரத்தின் தெருத் தாதி என்று அறியப்பட்ட கேத்தி குரோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1998இல் வீடின்மையைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்துக் குரல் கொடுத்தார்கள். அந்தப் பேரிடர் இன்னும் முடியவில்லை.

லீவு நாளில் ஏன் இப்படியொரு இடம் என்று கேட்பீர்கள். கூட்டமாகப் போகும்போது நாம் அந்தப் பட்டியலைக் கடந்து போய்விடுவோம். தனியாகப் போனால் நின்று வாசிப்போம். நாம் தேர்ந்தெடுத்த தனிமைக்கு மாலையில் திரும்பிப்போக ஒரு வீடு இருக்கிறது. அதே வீதியில், கேட்காமலே தனிமை வந்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துச் சதுக்கத்தில் தரையில் வட்டம் வட்டமாக ஒரு நடைபாதை வரைந்திருக்கிறது. ஜெபித்துக்கொண்டு மெதுவாக நடப்பதற்கானது. இந்த இரண்டையும் விட்டு வேறு எதையும் அன்று பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

இங்கே ஒரு தாதியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் தனியாக இருந்துவிட்டு வந்தவருக்குப் பசி எடுக்கும், பேச்சு வரும், நித்திரை வரும். வாரக்கணக்கில் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, சாப்பாடு குறைந்து, முன்பு பிடித்ததெல்லாம் வெறுத்துப்போயிருக்கிற பிள்ளைக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அந்தப் பிள்ளைக்குத் துணை தேவை, வைத்தியரும் தேவை. “ஜெபித்தால் சரியாகிவிடும்” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஜெபியுங்கள், கூட்டிக்கொண்டும் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் கனடாவில் எங்கிருந்தும் 988 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள்.

இரவு வேலை முடித்து வருகிறவர்கள் முதலில் நித்திரை கொள்ளுங்கள். எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது தூதன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவும் விட்டான். ஊருக்குள் போவது அதற்குப் பிறகு. வீட்டில் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அம்மாவின் முகத்துக் கேள்விக்கு அதில் பாதிப் பதில் கிடைத்துவிடும். போன் பையின் அடியில் கிடக்கட்டும். படமெடுத்து உடனே போட்டால் நாற்பது பேரையும் கூடக் கூட்டிப்போனதாகிவிடும். மேலே சொன்ன இடங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயலவேண்டாம். ஓரிடம், ஒரு சாப்பாடு, நிறைய நடை. கடையில் தனியாக மேசையில் உட்கார்ந்து சாப்பிட நம்மவருக்குக் கூச்சம். முதல் முறை மட்டுந்தான் அந்தக் கூச்சம்.

எனக்கு ஒரேயொரு இடம் சொல்லச் சொன்னால் தீவைத்தான் சொல்வேன். கென்னடியில் சப்வே ஏறி, புளோர்-யங்கில் மாறி, யூனியனில் இறங்கி, பே வீதி வழியே ஏரி வரைக்கும் நடந்தால் ஜாக் லேற்றன் படகுத்துறை. கால்மணி நேரத்துக்குள் அக்கரை. அது ஆதியில் தீவே அல்ல, கரையோடு ஒட்டியிருந்த மணல்திட்டு. 1858இல் ஒரு புயல் அறுத்துவிட்டது. வார்ட்ஸ் தீவுப் பக்கம் ஏறத்தாழ 260 சிறு வீடுகள் இருக்கின்றன. காரே கிடையாது. அங்கிருந்து மேற்கே நடந்தால் மரங்களுக்குள் சென்ற் அன்ரூ-பை-த-லேக் என்ற மர ஆலயம், 1884இல் கட்டியது. கதவு பூட்டியிருந்தாலும் வெளியே உட்காரலாம். தெற்குக் கரைக்குப் போனால் மறுகரை தெரியாத தண்ணீர். காங்கேசன்துறைக் கடலைப் பார்த்தவர்களுக்கு உப்பு மணம் மட்டும் குறையும்.

கோடையில் சனி, ஞாயிறுகளில் போகாதீர்கள், படகு வரிசையிலேயே நாள் முடிந்துவிடும். குளிர்காலத்தில் வார்ட்ஸ் தீவுப் படகு மட்டுந்தான் ஓடும். படகுக் கட்டணம் போகும்போது ஒருமுறைதான், திரும்பி வரும்போது கேட்கமாட்டார்கள். சாப்பாட்டுக் கடைகளை நம்பாமல் பிளாஸ்கில் தேத்தண்ணியும் இரண்டு ரோல்ஸும் கொண்டுபோங்கள். கடைசிப் படகின் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.