வாய் ஒருவருடையது, கை இன்னொருவருடையது… தெரியுமா?

திருவாலங்காட்டுப் பேய்க்குப் பல் வெள்ளை வெளேரென்று இருந்தது தெரியுமா? நம்பிக்கை இல்லையென்றால் காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகத்தில் முதல் பாட்டை எடுத்துப் பாருங்கள். சுடுகாட்டில் அலையும் பெண்பேய் ஒன்று வருகிறது. உடம்பு வற்றிவிட்டது, நரம்பு புடைத்துவிட்டது, வயிறு குழி விழுந்துவிட்டது. பல் மட்டும் வெண்மை! இரண்டு கோரைப்பல் வெளியே நீட்டிக்கொண்டு வேறு நிற்கின்றன. திருவாலங்காடு திருத்தணிக்குப் பக்கத்து ஊர். ஆலமரக் காடாக இருந்த இடம். பல்குச்சிக்குப் பஞ்சம் இருந்திருக்காது, அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோமே!

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆலங்குச்சிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நிபந்தனை தெரியுமா? குச்சியின் நுனியை மென்று நசுக்கினால்தான் அது பிரஷ் ஆகும். மெல்லுவதற்குத் தாடையில் வலு வேண்டும், குச்சியைப் பிடிக்க விரலில் பிடி வேண்டும், சாற்றைத் துப்பத் தெரிய வேண்டும். மூன்றும் இல்லாதவருக்கு அது வெறும் சுள்ளி. பக்கவாதம் வந்து படுத்த தாத்தாவுக்கும், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தைக்கும், கோப்பையையும் சீப்பையும் மாற்றி எடுக்கும் மறதிநோய்ப் பாட்டிக்கும் எத்தனை ஆலமரம் இருந்தும் பயனில்லை.

அவர்களுக்கு யார் பல் விளக்கிவிட்டார்கள்? வீட்டுப் பெண்கள்தான். எதைக் கொண்டு? ஆள்காட்டி விரலைக் கொண்டு! உள்ளங்கையில் கொஞ்சம் பல்பொடி, இல்லாவிட்டால் உப்பும் கரியும், அதில் விரலைத் தொட்டு ஈறோடு ஒரு தேய். எச்சில் பட்டால் பத்துத் தடவை கை கழுவும் வீடுகளில்கூட இந்த ஒரு காரியத்துக்குத் தீட்டு கிடையாது.

இப்போது உண்மையான ஆச்சரியத்துக்கு வருவோம். அந்த விரல்தான் உலகத்தில் இதுவரை வந்த அடுத்தவருக்குப் பல் விளக்கும் அத்தனை பிரஷ்களுக்கும் மூத்தது, பல வகையில் அவற்றைவிடக் கெட்டிக்காரத்தனமும் கொண்டது. காரணம், விரல் நுனிக்கு உணர்ச்சி உண்டு. நாமே நமக்குப் பல் தேய்க்கும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் சேதி வருகிறது. ‘இவ்வளவு அழுத்துகிறேன்’ என்று கை சொல்கிறது, ‘போதும், ஈறு வலிக்கிறது’ என்று வாய் சொல்கிறது. பற்களுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு தகடு மாட்டினாலும் கண்டுபிடித்துவிடும் அளவுக்கு வாய் நுட்பமானது. அடுத்தவர் வாயில் பிரஷை விட்ட அந்தக் கணத்தில் இந்தச் சேதியில் பாதி அறுந்துபோகிறது. வலிக்கிறதா, கூசுகிறதா, பிரஷ் கடைவாயைத் தாண்டிவிட்டதா என்று கைக்குத் தெரியாது. வாய்க்குத் தெரியும், ஆனால் அந்த வாயால் பல சமயம் சொல்ல முடியாது. அடுத்தவருக்குப் பல் விளக்கும் பிரஷ் என்றால் அறுந்த அந்தப் பாதியை ஈடுகட்டும் கருவி. கடையில் தொங்கும் பிரஷ்களில் பெரும்பாலானவை இதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

எங்கே நிற்க வேண்டும் என்பதிலேயே தகராறு ஆரம்பமாகிறது தெரியுமா? பெரும்பாலோர் எதிரில் நிற்கிறோம். அவர் தலையைத் திருப்புகிறார், நாம் துரத்துகிறோம், தரையெல்லாம் நுரை. திருத்தணி மலைக்கோயிலில் மொட்டை போடுபவரைக் கவனியுங்கள். அலறுகிற குழந்தையின் தலையை ஒரு கையால் அணைத்து நிறுத்திக்கொண்டு மறு கையால் கத்தியை ஓட்டுகிறார், ஒரு கீறல் விழாது! பல் மருத்துவர்கள் சொல்லித்தருவதும் கிட்டத்தட்ட அதையேதான். பின்னாலோ பக்கவாட்டிலோ நின்று, தலையை உங்கள் மார்பில் சாய்த்து, ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். அப்போது பிரஷ் பிடித்த கை உங்கள் வாய்க்குத் தேய்க்கும் அதே கோணத்துக்கு வந்துவிடும். பிரஷை முஷ்டியில் இறுக்காமல் பேனா பிடிப்பதுபோல் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

கடி! இதைச் சொல்லாமல் விடமுடியுமா? மூளை முடக்குவாதம் உள்ள சிலருக்கு வாயில் ஏதாவது பட்டவுடன் தாடை தானாக இறுகிப் பூட்டிக்கொள்ளும். அது பிடிவாதம் அல்ல, அனிச்சைச் செயல். பிரஷைப் பிடுங்கினால் பூட்டு இன்னும் இறுகும். சும்மா பிடித்தபடி காத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் தளரும். ஆகவே அடுத்தவருக்குப் பல் விளக்கும் பிரஷின் கழுத்து உடையவே கூடாது. கைப்பிடி நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் விரல் பல்லுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும், கையும் பார்வையை மறைக்காது. தலை சின்னதாக வேண்டும். கன்னத்தை ஒதுக்கித் தள்ளும் வேலையும் அதன் முதுகுக்கே வருவதால், முதுகு கெட்டி பிளாஸ்டிக்காக இல்லாமல் மெத்தென்று இருந்தால் நல்லது. ஒரு பிரஷ் போதாதென்று இரண்டாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. அதன் கைப்பிடியை ஒரு பக்கத்துப் பற்களுக்கு நடுவே முட்டுக்கொடுத்துவிட்டு, மறுபக்கத்தைத் துலக்குவார்கள்.

மூன்று முகம் கொண்ட பிரஷ் இருக்கிறது தெரியுமா? நார்வேயிலிருந்து வந்த ‘டாக்டர் பார்மன்ஸ் சூப்பர்பிரஷ்’ அந்த வகை. மூன்று வரிசை தூரிகை பல்லை மூன்று பக்கமும் கவ்விக்கொள்ளும். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் எல்லாம் ஒரே இழுப்பில் முடிந்துவிடும்! அமெரிக்காவின் ‘காலிஸ் கர்வ்’ பிரஷில் வெளித்தூரிகைகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து பல்லை அணைத்துக்கொள்ளும். இதன் அருமை பிரஷைத் திருப்பவே வேண்டாம் என்பதில் இருக்கிறது. சாதாரண பிரஷில் உட்பக்கத்துக்குப் போக மணிக்கட்டைத் திருக வேண்டும், அடுத்தவர் வாயில் எல்லாக் கைகளும் தடுமாறும் இடம் அது. இதில் முன்னும் பின்னும் அசைத்தால் போதும். ஒத்துழைக்கும் நேரம் அரை நிமிடம்தான் என்றால் அந்த அரை நிமிடத்தில் மூன்று மடங்கு வேலை. ஆனால் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். பல் கோணலாக இருந்தாலோ, இடையிடையே விழுந்திருந்தாலோ மூன்று முகமும் சரியாக உட்காராது. அங்கே மறுபடி பழைய ஒற்றை முகம்தான்.

மின்சார பிரஷ் சோம்பேறிகளுக்காகப் பிறந்தது என்று நினைத்திருப்பீர்கள். இல்லவே இல்லை! 1954இல் சுவிட்சர்லாந்தில் பிலிப்-கீ வூக் ‘பிராக்சோடென்ட்’ என்ற மின்சார பிரஷை உருவாக்கியதே கை இயக்கம் குறைந்த நோயாளிகளையும், பல்லில் கம்பி கட்டியவர்களையும் மனத்தில் வைத்துத்தான். சுவரில் சொருகித் தேய்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்காக வந்த பொருள் பிறகு பணக்காரக் குளியலறைக்குக் குடிபோனது.

இன்னொன்று, குழந்தைகளின் பிரஷ் ஏன் குண்டாக இருக்கிறது தெரியுமா? பெரியவர்களின் பிரஷைச் சின்னதாக்கினால் குழந்தை பிரஷ் ஆகிவிடும் என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நினைத்தார்கள். 1990களில் ‘ஓரல்-பி’க்காக ‘ஐடியோ’ என்ற வடிவமைப்பு நிறுவனத்தார் குழந்தைகள் பல் தேய்ப்பதை உட்கார்ந்து பார்த்தார்கள். குழந்தை விரலால் பிடிப்பதில்லை, முஷ்டியால் பிடிக்கிறது! கை சின்னதானால் பிடி பெரிதாக வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் கொழுத்த, மெத்தென்ற கைப்பிடி. பலமிழந்த முதியவர் கைக்கும் அதே கணக்குத்தான். அதற்காகக் காசு கொட்ட வேண்டியதில்லை. சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டலாம், டென்னிஸ் பந்தில் துளைபோட்டுச் சொருகலாம். கோணம் வேண்டுமா? பிளாஸ்டிக் பிரஷின் கைப்பிடியைக் கொதிக்கும் வெந்நீரில் காட்டி மெல்ல வளைத்துக்கொள்ளலாம்.

தூரிகையின் பருமனைக் கணக்குப்போட்டவர் பல் மருத்துவரே அல்ல! அமெரிக்காவில் மலேரியா ஆராய்ச்சிக்குப் பேர்போன மருத்துவர் சார்லஸ் பாஸ், ஓய்வுபெற்ற பிறகு வாய்க்குள் இறங்கினார். தூரிகை இழை ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு பருமனும், உருண்ட நுனியும் கொண்டிருக்க வேண்டும் என்று 1948இல் எழுதினார். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷை 45 பாகை சாய்த்துப் பிடிக்கச் சொன்னவரும் அவரே. வலிக்கிறது என்று சொல்ல முடியாதவர் வாயில் மென்மையான தூரிகை எவ்வளவு அவசியம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதெல்லாம் சரி, படுக்கையில் கிடப்பவருக்குப் பல் இத்தனை முக்கியமா என்று கேட்பவர்கள் உண்டு. கேளுங்கள் இதை! ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் உதவியாளர்கள் சுமார் 5 நிமிடம் பல் துலக்கிவிட்டார்கள், மற்றவர்களை வழக்கப்படி விட்டுவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் வழக்கப்படி விட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா, துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான்! 1999இல் ‘லான்செட்’ இதழில் வந்த சேதி இது. விஷயம் எளிது. விழுங்கும் சக்தி குறைந்தவருக்குத் தூக்கத்தில் எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாயில் இறங்குகிறது, வாயிலுள்ள கிருமிகளையும் கூட்டிக்கொண்டு நுரையீரலுக்குப் போகிறது. ஜப்பானிலேயே 85 வயது தாண்டிய 524 பேரைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு 2015இல் வந்தது. பல்செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல்! பாட்டியின் பல்செட் ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கட்டும்.

மருத்துவமனைகளில் உறிஞ்சும் பிரஷ் என்று ஒன்று உண்டு. தூரிகைக்கு நடுவே ஒரு துளை, அதிலிருந்து உறிஞ்சும் இயந்திரத்துக்குக் குழாய். துலக்கத் துலக்க எச்சிலும் தண்ணீரும் வெளியே போய்விடும், துப்ப வேண்டிய வேலையே இல்லை. இதற்கு மாறாக, குச்சி நுனியில் பஞ்சு வைத்த வாய்த் துடைப்பான் மேல் கவனம் தேவை. நுனி கழன்று தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டென்று 2012இல் பிரிட்டனின் மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. உதட்டை நனைக்க அது உதவும். பல்லில் ஒட்டிய படலத்தை எடுக்கத் தூரிகைதான் வேண்டும்.

விண்வெளி வீரர்களில் சிலர் பற்பசையை விழுங்குவார்கள் தெரியுமா? எடையில்லாத இடத்தில் துப்பினால் மிதந்துகொண்டு திரியுமே! நாசாவுக்காக அமெரிக்கப் பல் ஆய்வாளர் ஐரா ஷானன் நுரைக்காத, விழுங்கத்தக்க பசை ஒன்றைச் செய்தார். கொப்பளிக்கத் தெரியாத நோயாளிகளுக்கும் அது பயன்பட்டது. நம் வீட்டுக்கு அதன் பாடம் இதுதான்: துப்ப முடியாதவருக்கு நுரை குறைந்த பசையை அரிசி அளவு தொட்டால் போதும். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் முழுக்க அலையலையாகப் பிதுக்கினால் அவர் திணறுவார்.

திருத்தணிப் பக்கத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களைப் பார்க்காமல் போகமுடியாது, திருவாலங்காட்டிலேயே கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆனால் நான் சொல்லவரும் சர்க்கரை மருந்து பாட்டிலுக்குள் இருக்கிறது! விழுங்கச் சிரமப்படும் குழந்தைகளுக்குத் தரும் பல சிரப்புகள் இனிப்பில் மிதப்பவை, அதுவும் படுக்கப் போகும் நேரத்தில் ஊற்றுவார்கள். வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின் மருந்து ஈறையே வளரவைத்துப் பல்லை மூடவைக்கும் என்பது 1939இலேயே பதிவானது. மருந்தை நிறுத்தாதீர்கள், அது மருத்துவரின் வேலை. பல் சுத்தமாக இருந்தால் ஈறு வளர்ச்சி மட்டுப்படும். சிரப்புக்குப் பிறகு துலக்குவதோ, குறைந்தது ஈரத்துணியால் துடைப்பதோ உங்கள் வேலை.

மறதிநோய் வந்தவர்கள் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள்? முகத்துக்கு நேரே ஒரு கையும் ஒரு குச்சியும் வந்தால் தாக்க வருகிறார்கள் என்றே அவர்களுக்குத் தோன்றுகிறது. அமெரிக்கச் செவிலியர் ரீட்டா ஜப்லான்ஸ்கி இதற்கென்றே ஒரு முறை வகுத்தார். முதலில் நோயாளியின் கண்மட்டத்தில் அமைதியாக வாருங்கள், சிரியுங்கள், அவர் கையில் இன்னொரு பிரஷைக் கொடுங்கள், நீங்கள் தொடங்கிவிட்டு அவர் கைமேல் கைவைத்து முடிக்க விடுங்கள். கொஞ்சுமொழி கூடாது என்பதும் ஜப்லான்ஸ்கி சொன்னதுதான்! எண்பது வயது மாமியாரிடம் “என் கண்ணு, ஆ காட்டு” என்றால் வாய் பூட்டிக்கொள்ளும். “அத்தை, பல்லு வெளக்கலாமா, கொஞ்சம் வாயைத் திறங்க” என்று கேட்டுப் பாருங்கள். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் திருத்தணிப் பக்கத்து எல்லையோர வீடுகளில், அவர் சின்ன வயதில் எந்த மொழியில் வளர்ந்தாரோ அந்த மொழியில் கேட்பது இன்னும் பலிக்கும் என்பது என் கணிப்பு.

கடைசியாக, பலர் தவறவிடும் ஒன்று. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது தெரியுமா? அதில் பல் நோய்த்தடுப்புச் சிகிச்சைக்கென்றே ஒரு தலைப்பு இருக்கிறது. மாநில அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவரைப் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது நிறுத்தி, “வாயையும் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்கம்மா” என்று கேளுங்கள்.